கட்டமைப்பு மாதிரியைக் கருவியில் உருவாக்கும் முறை

ஒரு நிறுவனத்தின் மென்பொருள்களும் தரவுத்தளங்களும் சர்வர்களும் அவற்றைக் கொண்டு வேலை செய்யும் பணியாளர்களும் எவ்வாறு இணைந்து இயங்க வேண்டும் என்று திட்டமிடுபவரைத் தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பாளர் என்பர். அவர் தம் திட்டத்தைப் பிறருக்கு விளக்கவும், மாற்றம் செய்யும்போது எது எதைப் பாதிக்கும் என்று கண்டறியவும் உதவும் கருவிகளைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தும் முறையை இந்த அத்தியாயம் விளக்குகிறது. நிரல் எழுதிப் பழகியவரும், இதுவரை வெள்ளைப் பலகையிலோ பவர்பாயின்ட்டிலோ பெட்டிகள் வரைந்து வந்தவருமான ஒருவர், துணைக்கு ஆளில்லாமல் தாமே ஒரு மாதிரியை உருவாக்கி முடிப்பதே இதன் இலக்கு.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வரைபடம் என்பது கண்ணுக்குத் தெரியும் தாள் மட்டுமே. மாதிரி என்பது அந்தத் தாளுக்குப் பின்னால் கருவி வைத்திருக்கும் உறுப்புகளின் பட்டியலும், அவற்றுக்கிடையேயான உறவுகளின் பட்டியலும் ஆகும். பத்து வரைபடங்களில் ஒரு தரவுத்தளம் வரையப்பட்டிருந்தாலும் மாதிரியில் அது ஒரே உறுப்பாக இருக்க வேண்டும். அவ்வாறு இருந்தால், ஓரிடத்தில் பெயரை மாற்றியவுடன் பத்து வரைபடங்களிலும் பெயர் மாறும். இல்லையென்றால் பத்துத் தாள்களையும் கையால் திருத்த வேண்டியிருக்கும், அவற்றில் இரண்டேனும் விடுபட்டுப்போகும். மாதிரியிலிருந்து எடுத்துக் காட்டப்படும் ஒவ்வொரு வரைபடத்தையும் ‘காட்சி’ என்று இனிக் குறிப்பிடலாம்.

கருவிகளின் மூன்று வகை

முதல் வகை வரையும் கருவிகள். மைக்ரோசாஃப்ட் விசியோவும் டிரா.ஐஓவும் இவ்வகையின. அன்று மாலைக் கூட்டத்திற்கு ஒரு படம் வேண்டும், அதற்குப் பிறகு அது தேவைப்படாது என்றால் இவையே போதுமானவை. ஆனால் இங்கு ஒரே பெயருடைய இரு பெட்டிகள் ஒரே பொருளைக் குறிக்கின்றன என்பது கருவிக்குத் தெரியாது.

இரண்டாம் வகை மாதிரிக் களஞ்சியக் கருவிகள். ஆஸ்திரேலியாவின் ஸ்பார்க்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனம் விற்கும் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்டும், 2010-இல் பிரிட்டனின் போல்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகி இன்று இலவசமாகக் கிடைக்கும் ஆர்ச்சியும் இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாம் வகை, எழுத்தாகத் தட்டச்சு செய்த வரிகளைப் படமாக மாற்றித் தரும் கருவிகள்: பிளான்ட்யுஎம்எல், மெர்மெய்ட், ஸ்ட்ரக்சரைசர் ஆகியவை. இவற்றின் கோப்புகளை நிரலோடு சேர்த்தே பதிப்புக் கட்டுப்பாட்டில் வைக்கலாம் என்பதால் நிரலாளர்கள் இவற்றை விரும்புகின்றனர்.

பல துறைகளையும் பல மென்பொருள்களையும் இணைத்துப் பார்க்க வேண்டியவர் இரண்டாம் வகையையும், ஒரே மென்பொருளின் உள்ளமைப்பை விளக்க வேண்டியவர் மூன்றாம் வகையையும் தேர்ந்தெடுப்பது நல்லது. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி ஆர்ச்சியைக் கொண்டே நகர்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது இயங்கும், பணம் கட்டத் தேவையில்லை, கற்றுக்கொள்ளும் ஒழுக்கம் பின்னர் எந்தக் கருவிக்கு மாறினாலும் பயன்படும்.

தேவையான அளவு மட்டும் மொழியறிவு

ஆர்ச்சி பேசும் வரைபட மொழியின் பெயர் ஆர்க்கிமேட். நெதர்லாந்தில் 2002 முதல் 2004 வரை நடந்த ஓர் ஆய்வுத் திட்டத்தில் பிறந்த இம்மொழி, 2008-இல் தி ஓப்பன் குரூப் என்னும் தர அமைப்பின் கைக்கு வந்தது. 2022-இல் அதன் 3.2-ஆம் பதிப்பு வெளியானது. இம்மொழியின் மையத்தில் மூன்று அடுக்குகள் உள்ளன. மனிதர்களும் அவர்கள் செய்யும் வேலைகளும் வணிக அடுக்கு. மென்பொருள்களும் அவை கையாளும் தரவுகளும் பயன்பாட்டு அடுக்கு. சர்வர், இயங்குதளம், வலையமைப்பு போன்றவை தொழில்நுட்ப அடுக்கு. கருவியில் இவை முறையே மஞ்சள், நீலம், பச்சை நிறங்களில் தோன்றும்.

உறவுகள் மொத்தம் 11 வகைப்படும். தொடங்குபவர் அத்தனையையும் மனப்பாடம் செய்ய முனைந்து சோர்ந்துபோவதைவிட, நான்கை மட்டும் அறிந்து வேலையைத் தொடங்குவதே மேல். ‘அசைன்மென்ட்’ என்பது இந்த வேலையைச் செய்பவர் இவர் என்று காட்டுவது. ‘ரியலைசேஷன்’ என்பது இந்தச் சேவையை நடைமுறையில் நிறைவேற்றித் தருவது இந்த மென்பொருள் என்று காட்டுவது. ‘சர்விங்’ என்பது ஒன்று மற்றொன்றுக்குப் பணி செய்கிறது என்று காட்டுவது. ‘அக்சஸ்’ என்பது ஒரு மென்பொருள் ஒரு தரவைப் படிக்கிறது அல்லது எழுதுகிறது என்று காட்டுவது.

கருவியைத் திறப்பதற்கு முன்

இந்த மாதிரி எந்தக் கேள்விக்கு விடை தர வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் தாளில் எழுதிவிட்டுத்தான் கணினியைத் தொட வேண்டும். ‘எங்கள் மருத்துவமனையின் கணினி அமைப்பு முழுவதும்’ என்பது கேள்வி ஆகாது. அதற்கு எல்லை இல்லை, எனவே முடிவும் இல்லை. ‘பதிவு மென்பொருளின் தரவுத்தளத்தை மாற்றினால் எந்தெந்த வேலைகள் தடைபடும்?’ என்பது கேள்வி. இக்கேள்வியைக் கேட்பவர் யார், விடையைக் கொண்டு அவர் என்ன முடிவெடுப்பார் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். கட்டமைப்பு விவரிப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 42010 வலியுறுத்துவதும் இதையே: அக்கறை உடையவர் யார், அவருடைய அக்கறை என்ன என்பதிலிருந்தே ஒவ்வொரு காட்சியும் பிறக்க வேண்டும். கைவிடப்பட்ட மாதிரிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வாக்கியம் எழுதப்படாமல் தொடங்கியவையே.

படிப்படியாக ஒரு மாதிரி

மேற்கண்ட மருத்துவமனைக் கேள்வியையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

1. ஆர்ச்சியை அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கி நிறுவ வேண்டும். அலுவலகக் கணினியில் நிறுவல் உரிமை இல்லாதவர்கள் விண்டோஸுக்கான சுருக்கக் கோப்பை இறக்கி, ஒரு கோப்புறையில் விரித்து இயக்கலாம்.

2. ஃபைல் பட்டியலில் நியூ என்பதன் கீழுள்ள எம்ப்டி மாடலைத் தேர்ந்து, மாதிரிக்குப் பெயரிட்டு, உடனே சேமிக்க வேண்டும். இடப்பக்கத்தில் தோன்றும் மாதிரி மரத்தில் அடுக்குவாரியான கோப்புறைகளும், அவற்றின் அடியில் வியூஸ் என்னும் காட்சிகளின் கோப்புறையும் இருக்கும்.

3. மாதிரியின் டாக்குமென்டேஷன் பகுதியில், தாளில் எழுதிய கேள்வி வாக்கியத்தை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

4. வியூஸ் கோப்புறையிலுள்ள காட்சியைத் திறந்து, உறுப்புகளையும் கோடுகளையும் அடுக்கி வைத்திருக்கும் பேலட் என்னும் தட்டிலிருந்து எடுத்து வைத்து, நடுவிலிருந்து தொடங்க வேண்டும். நடு என்பது இங்கு ‘வெளிநோயாளர் பதிவு’ என்னும் வணிகச் செயல்முறை. அதற்கு மேலே ‘பதிவு எழுத்தர்’ என்னும் பாத்திரத்தை வைத்து, எழுத்தரிடமிருந்து செயல்முறைக்கு அசைன்மென்ட் கோட்டை இழுக்க வேண்டும்.

5. செயல்முறைக்குக் கீழே ‘நோயாளி எண் வழங்கல்’ என்னும் பயன்பாட்டுச் சேவையையும், அதற்குக் கீழே ‘பதிவு மென்பொருள்’ என்னும் பயன்பாட்டுக் கூறையும் வைக்க வேண்டும். மென்பொருளிலிருந்து சேவைக்கு ரியலைசேஷன் கோடும், சேவையிலிருந்து செயல்முறைக்கு சர்விங் கோடும் செல்லும்.

6. ‘நோயாளி விவரம்’ என்னும் தரவுப் பொருளை மென்பொருளின் பக்கத்தில் வைத்து அக்சஸ் உறவால் இணைத்து, அது படிப்பா, எழுதலா, இரண்டுமா என்பதைப் பண்புகள் பகுதியில் குறிக்க வேண்டும்.

7. கடைசி அடுக்கில் ‘தரவுத்தள மென்பொருள்’ என்னும் அமைப்பு மென்பொருளையும், அது இயங்கும் ‘மருத்துவமனை சர்வர்’ என்னும் கணுவையும் வைக்க வேண்டும். சர்வரிலிருந்து தரவுத்தள மென்பொருளுக்கு அசைன்மென்ட். தரவுத்தள மென்பொருளிலிருந்து பதிவு மென்பொருளுக்கு சர்விங்.

8. மருந்தகம், ஆய்வகம், கட்டணப் பிரிவு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் காட்சிகளை உருவாக்க வேண்டும். அவற்றில் தரவுத்தளம் தேவைப்படும்போது, தட்டிலிருந்து புதிதாக எடுக்காமல், மாதிரி மரத்தில் ஏற்கெனவே உள்ள உறுப்பையே பிடித்து இழுத்துக் காட்சியில் விட வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், வைக்க வேண்டிய படி இதுவே.

9. வேலிடேட்டர் என்னும் சரிபார்ப்பியை இயக்கி, அது காட்டும் இரட்டை உறுப்புகள், எந்தக் காட்சியிலும் இடம்பெறாத உறுப்புகள், வெறுமையான காட்சிகள் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

10. விஷுவலைசர் என்னும் சாளரத்தைத் திறந்து தரவுத்தள மென்பொருளைத் தேர்ந்தால், அதோடு தொடர்புடைய உறுப்புகள் அனைத்தும் வலைபோல் விரியும். ஆழத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டும்போது பதிவு மென்பொருளும், அதன் சேவையும், வெளிநோயாளர் பதிவும், இறுதியில் பதிவு எழுத்தரும் தோன்றுவர்; மற்றக் காட்சிகளில் அதே தரவுத்தளத்தோடு இணைத்த பிரிவுகளின் வேலைகளும் அவ்வாறே தோன்றும். தாளில் எழுதிய கேள்விக்கான விடை இப்போது திரையில் இருக்கிறது. அந்த விடை எந்த ஒரு காட்சியிலும் முழுமையாக வரையப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

குறிப்பு: எந்த உறவைப் போடுவது என்று தெரியாதபோது தட்டிலுள்ள மேஜிக் கனெக்டரைப் பயன்படுத்தலாம், அவ்விரு உறுப்புகளுக்கிடையே மொழி அனுமதிக்கும் உறவுகளை மட்டுமே அது பட்டியலிடும். அனுமதிக்கப்பட்ட உறவு எல்லாம் சரியான உறவு ஆகிவிடாது என்பதால், தேர்வுக்குப் பின் அந்தக் கோட்டை ஒரு வாக்கியமாக வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அடிக்கடி நேரும் பிழைகள்

மிகுந்த சேதம் விளைவிப்பது இரட்டை உறுப்பு. ஒரு காட்சியில் ‘பதிவு மென்பொருள்’, இன்னொன்றில் ‘பதிவு மென்பொருள் புதியது’, மூன்றாவதில் ‘ஓபி பதிவு’ என்று ஒரே பொருள் மூன்று உறுப்புகளாகப் பதிவாகிவிட்டால், விஷுவலைசர் அவற்றை மூன்று பொருள்களாகவே எண்ணும். தரவுத்தளத்தை மாற்றினால் ஒரே ஒரு வேலைதான் பாதிக்கப்படும் என்று பொய்யான நிம்மதியைத் தரும். படமாகப் பார்ப்பவருக்கு எதுவும் தவறாகத் தெரியாது என்பதே இதன் கொடுமை. எழுத்து ஒத்துப்போகும் இரட்டைகளைச் சரிபார்ப்பி காட்டிக்கொடுக்கும். பெயர் வேறுபட்ட இரட்டைகளை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும். ஆகவே தொடக்கத்திலேயே பெயரிடும் விதிகளை வகுத்துக்கொள்வது அவசியம்: செயல்முறைக்குச் செயலைக் குறிக்கும் பெயர், மென்பொருளுக்கு ஊழியர்கள் அன்றாடம் அழைக்கும் பெயர், ஆண்டும் பதிப்பெண்ணும் பெயரில் இல்லாமல் பண்பில். ஒரே காட்சிக்குள் நகலெடுத்து ஒட்டுவதும் புதிய உறுப்பைப் பிறப்பித்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது நீக்குவதில் நேரும் குழப்பம். காட்சியில் ஓர் உறுப்பைத் தேர்ந்து டெலீட் விசையை அழுத்தினால் அது அந்தக் காட்சியிலிருந்து மட்டுமே மறையும், மாதிரியில் இருக்கும். மாறாக, மாதிரி மரத்தில் நீக்கினாலோ, வலச்சொடுக்குப் பட்டியலில் ‘டெலீட் ஃப்ரம் மாடல்’ என்பதைத் தேர்ந்தாலோ, எல்லாக் காட்சிகளிலிருந்தும் அதன் உறவுகளோடு சேர்ந்து அழிந்துபோகும். எந்தக் காட்சியிலும் இல்லாத உறுப்புகளின் பெயர்களை மாதிரி மரம் சாய்வெழுத்தில் காட்டும். நீக்கும் முன் அந்தச் சாய்வெழுத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டால் தேவையில்லாத இழப்பு நேராது.

மூன்றாவது, சர்விங் அம்பின் திசை. நிரல் எழுதுவோர் ‘இது அதை அழைக்கிறது’ என்று சிந்தித்து, பயன்படுத்துவதிலிருந்து பயன்படுத்தப்படுவதை நோக்கி அம்பை இழுப்பது இயல்பு. ஆர்க்கிமேட்டில் சர்விங் அம்பு, பணி செய்வதிலிருந்து பணியைப் பெறுவதை நோக்கிச் செல்லும். தரவுத்தளம் மென்பொருளுக்குப் பணி செய்கிறது, ஆகவே அம்பின் முனை மென்பொருளின் பக்கம்.

ஒரே காட்சியில் எல்லாவற்றையும் திணிப்பதும் பரவலான பிழை. ஓர் ஏ4 தாளில் அச்சிட்டால் எழுத்தைப் படிக்க முடியாத காட்சி, இரண்டாகப் பிரிக்கப்பட வேண்டிய காட்சியாகும்.

நிகழ்வுகளின் வரிசையை எழுத்தால் வரைதல்

எது எதோடு இணைந்துள்ளது என்பதை ஆர்ச்சி நன்றாகக் காட்டும். எது முதலில் நடக்கிறது, எது அதற்கு மறுமொழி தருகிறது என்பதைக் காட்ட யுஎம்எல் என்னும் மொழியின் வரிசை வரைபடமே ஏற்றது. 2009-இல் வெளிவந்த பிளான்ட்யுஎம்எல் கருவியில் இதைச் சில வரிகளில் எழுதிவிடலாம்:

"எழுத்தர்" -> "பதிவு மென்பொருள்" : நோயாளி விவரம்
"பதிவு மென்பொருள்" -> "தரவுத்தளம்" : புதிய பதிவு
"தரவுத்தளம்" --> "பதிவு மென்பொருள்" : நோயாளி எண்

அனுப்புபவர், அம்பு, பெறுபவர், முக்காற்புள்ளி, செய்தி என்பதே ஒவ்வொரு வரியின் அமைப்பு. இரட்டைக் கோட்டு அம்பு மறுமொழியைப் புள்ளிக்கோடாக வரையும். தமிழ்ப் பெயர்களை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும், கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். இவ்விரண்டும் தவறினால் பிழைச் செய்தியோ கட்டங்களோதான் படத்தில் கிடைக்கும். வரிசை வரைபடத்துக்கு ஜாவா மட்டும் போதும். வேறு பல வகைகளுக்கு கிராஃப்விஸ் என்னும் துணை மென்பொருளும் தேவைப்படும்.

பாதுகாப்பு

கட்டமைப்பு மாதிரி ஒன்று தவறான கைக்குப் போனால், எந்த சர்வரைத் தாக்கினால் எது நிற்கும் என்பதை நிறுவனமே வரைந்து கொடுத்தது போலாகும். ஆகவே கீழ்க்கண்டவற்றில் அலட்சியம் கூடாது.

1. பிளான்ட்யுஎம்எல்லின் பொது இணைய சர்வரில் நிறுவனத்தின் உண்மையான வரைபடத்தை உருவாக்கக் கூடாது. அங்கு கிடைக்கும் இணைப்பு முகவரியில் நீண்டு கிடக்கும் எழுத்துகள், வரைபடத்தின் மூல வரிகளைச் சுருக்கி எழுதியவையே அன்றிப் பூட்டி வைத்தவை அல்ல. முகவரி கிடைத்த எவரும் அதை மீண்டும் விரித்துப் படிக்க முடியும். தம் கணினியிலேயே நிறுவிப் பயன்படுத்துவதே முறை.

2. அனுப்புவது படம் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. பிளான்ட்யுஎம்எல் உருவாக்கும் பிஎன்ஜி படத்தினுள் மூல வரிகளும் பொதிந்திருக்கும், டிரா.ஐஓவில் ஏற்றுமதி செய்யும்போது வரைபடத்தின் நகலைச் சேர்க்கும் விருப்பம் தேர்வாகியிருந்தால், மறைத்து வைத்த அடுக்குகளும் படத்தோடு போய்ச்சேரும். வெளியாருக்கு அனுப்பும் முன் அவ்விருப்பங்களை நீக்க வேண்டும்.

3. ஆர்ச்சியின் மாதிரிக் கோப்பையோ, அது உருவாக்கும் எச்டிஎம்எல் அறிக்கையையோ ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தால், அவருக்குக் காட்ட நினைத்த ஒரு காட்சி மட்டுமன்றி மாதிரி முழுவதும், குறிப்புகளோடு சேர்ந்து சென்றுவிடும்.

4. கடவுச்சொல், ஐபி முகவரி, நோயாளிகளின் உண்மைப் பெயர் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக்கூட எந்தப் புலத்திலும் எழுதக் கூடாது.

குழுவாக வேலை செய்யும்போது

பகிர்ந்த கோப்புறையில் ஒரே கோப்பை இருவர் திறந்து வேலை செய்தால், பிந்திச் சேமிப்பவரின் கோப்பே எஞ்சும். முன்னவரின் ஒரு நாள் உழைப்பு சத்தமின்றிப் போய்விடும். ஆர்ச்சியில் கோஆர்ச்சி என்னும் நீட்சியை நிறுவினால், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை வழியாகப் பலர் ஒரே மாதிரியில் வேலை செய்யலாம். அது இயலாத இடத்தில், ஒரு நேரத்தில் ஒருவரே திருத்துவது என்ற விதியாவது வேண்டும்.

மாதிரி ‘என்ன’ என்பதைச் சொல்லும், ‘ஏன்’ என்பதைச் சொல்லாது. அதற்காக முடிவுப் பதிவு என்னும் ஒரு பக்கக் கோப்பை வைத்துக்கொள்ள வேண்டும். மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த வடிவத்தின்படி, தலைப்பு, முடிவின் நிலை, சூழல், எடுத்த முடிவு, அதன் விளைவுகள் ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். பழைய முடிவு மாறும்போது பழைய பக்கத்தைத் திருத்தாமல், புதிய பக்கம் எழுதி, பழையதில் ‘மாற்றப்பட்டது’ என்று நிலையைக் குறிக்க வேண்டும். தவறான முடிவின் காரணத்தையும் அழியாமல் வைத்திருப்பது, அடுத்து வருபவர் அதே வழியில் மீண்டும் செல்லாமல் காக்கும்.

விலைகொடுத்து வாங்கும் முன்

பல துறைகளின் மாதிரிகளை இணைத்தல், பயனருக்குப் பயனர் வேறுபடும் அணுகல் உரிமை, தானியங்கி அறிக்கை ஆகியவை தேவைப்படும் நிறுவனங்களுக்கு விலையுள்ள கருவிகள் பயன்தரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பணம் கட்டும் முன் ஒரு சோதனையைச் செய்தே தீர வேண்டும்: ஆர்ச்சியில் உருவாக்கிய மாதிரியை, தி ஓப்பன் குரூப் வரையறுத்த பரிமாற்றக் கோப்பு வடிவத்தில் வெளியே எடுத்து, வாங்க எண்ணும் கருவியில் ஏற்றி, அங்கிருந்து மீண்டும் வெளியே எடுத்து ஆர்ச்சியில் திறந்து பார்க்க வேண்டும். உறுப்புகளும் உறவுகளும் பண்புகளும் சேதமின்றித் திரும்பி வந்தால் பேச்சைத் தொடரலாம். திரும்பி வராவிட்டால், அந்தக் கருவி எவ்வளவு அழகாகப் படம் வரைந்தாலும் வாங்கக் கூடாது.